வாளையார் தாண்டித் தினமும் வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நான் குடியிருப்பது கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில், வேலை தமிழ்நாட்டில் தெக்கலூரில் ஒரு மில்லில். காலையில் மாநில எல்லையான வாளையார், க.க.சாவடி, மதுக்கரை. அங்கே பைபாஸைப் பிடித்து நீலாம்பூர், பிறகு கணியூர் டோல், கருமத்தம்பட்டி. ஒரு வழிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து என்.எச். 544 வழியாகக் கோவைக்கோ அதற்கு அப்பாலோ போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களும் பெண்களும் வருடா வருடம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, கையில மூணு லட்சம் இருக்கு, என்ன வண்டி எடுக்கலாம்?"

எந்த வண்டி என்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்குள் வண்டியைப் பாருங்கள். மீதி ஐம்பதாயிரம் முதல் மாதத்திலேயே டயருக்கும் பிரேக்குக்கும் ஆயிலுக்கும் பேப்பர் வேலைக்கும் போய்விடும். இதை ஒதுக்கி வைக்காமல் முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, வழுக்கை டயரில் ஹைவேயில் ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 3,900. ஊருக்கு, கோயிலுக்கு என்று சேர்த்து நாலாயிரம். வருடத்துக்கு 48,000. ஊருக்குள் மட்டும் ஓடும் வீட்டுக் கார் இந்தத் தூரத்தைத் தொட நாலைந்து வருடம் ஆகும். அதனால் திரும்ப விற்கும்போது என்ன விலை போகும் என்ற கவலையை நாம் விட்டுவிடலாம். இந்த வண்டியை நாம்தான் ஓட்டி முடிக்கப் போகிறோம்.

பெட்ரோல் வண்டி ஹைவேயில் லிட்டருக்கு 16 கொடுத்தால் மாதம் 250 லிட்டர். டீசல் 20 கொடுத்தால் 200 லிட்டர். பெட்ரோல் 102, டீசல் 94 என்று வைத்துக்கொண்டால் 25,500 ரூபாய்க்கும் 18,800 ரூபாய்க்கும் இடையே மாதம் 6,700 வித்தியாசம் வரும். அன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டை விடக் கேரளத்தில் எண்ணெய் விலை லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். ஆகவே சாயந்திரம் திரும்பும்போது வாளையாருக்கு முன்னால் தமிழ்நாட்டுப் பக்கமே அடித்துக்கொண்டு வருவது எங்கள் வழக்கம்.

ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு டீசல். அதற்குக் கீழே என்றால் பெட்ரோலே போதும். டீசலில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் எது போனாலும் செலவு பெரிது. குறைந்த ஓட்டத்தில் அந்தச் செலவு திரும்பி வராது. சிஎன்ஜி கம்பெனியிலேயே பொருத்தி வந்ததாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் டிக்கி போய்விடும், வழியில் பங்க் எங்கே, வரிசை எவ்வளவு என்று முதலில் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

டெல்லியில் பத்து வருட டீசலை ஓட்ட விடமாட்டார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு இங்கே பலர் பயப்படுகிறார்கள். அது தலைநகர் வட்டாரத்துக்கான கட்டுப்பாடு. இங்கே தனியார் காரின் ஆர்சி 15 வருடம் செல்லும், அதன் பிறகு தகுதி பார்த்து ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் அந்தப் புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாய் ஆகிவிட்டது. 13, 14 வருட வண்டியைச் சல்லிசாகச் சொன்னால் இதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

எந்த வண்டி

எண்ணூறு சிசி வண்டி வேண்டாம். நகரத்தில் அருமையான வண்டிதான், ஆனால் தொண்ணூறில் போகும்போது எஞ்சின் முழுமூச்சும் போட்டுக் கத்தும். ஒன்றே கால் மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு எட்டு மணி நேர ஷிப்ட் பார்க்க முடியாது. பெட்ரோலில் 1.2 லிட்டருக்குக் குறையாமல், டீசலில் 1.3 முதல் 1.5 வரை பாருங்கள்.

டீசலில் நான் முதலில் கைகாட்டுவது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின் உள்ள வண்டிகளை. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ என்று பல பெயரில் ஓடினாலும் உள்ளே இருப்பது அதே 1,248 சிசி எஞ்சின். வால்வுகளை நேரத்துக்கு இயக்க டைமிங் செயின் உள்ளது, பெல்ட் இல்லை. பாலக்காட்டிலிருந்து அவிநாசி வரை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருப்பார், உதிரி பாகம் கிடைக்கும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது, எனவே அதற்கு முந்தையதுதான் கிடைக்கும். டொயோட்டா எட்டியோஸ், லிவா டீசலும் நீண்ட ஓட்டத்துக்குப் பேர் போனவை. ஹூண்டாய் ஐ20யின் 1.4 டீசல் நல்ல இழுவை.

போலோ, ஃபிகோ டீசல்களை ஓட்டினால் உங்களுக்கு உடனே பிடித்துவிடும். ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் அவற்றில் டைமிங் பெல்ட். குறித்த கிலோமீட்டரில் மாற்றாமல் விட்டு அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் பாகம் எங்கே வாங்குவார் என்று கேட்டபிறகு எடுங்கள்.

பெட்ரோல் என்றால் ஸ்விஃப்ட் 1.2, ஐ20 1.2, ஹோண்டா சிட்டி 1.5. போதும்.

எங்கள் வழிக்கே உரிய ஒன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அப்படியே நேராக வரும். ஆனி, ஆடியில் வாளையாருக்கும் மதுக்கரைக்கும் இடையே திறந்த வெளியில், லாரி ஒன்றைத் தாண்டி வெளியே வந்ததும் உயரமான லேசான வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளப்படும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே வர வேண்டும். கூரை உயர்ந்த வண்டிகளில் ஏறி இறங்குவது சுகம், வயதானவர்களுக்கு நல்லது. தினசரி ஹைவேக்கு நான் சொல்லமாட்டேன்.

ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), குறைந்தது இரண்டு ஏர்பேக். இதில் பேரமே வேண்டாம். எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019இல்தான், முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021இல். அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் விலை கூடிய மாடலில்தான் இவை இருக்கும். ஒரே வருட வண்டியில் அலாய் வீல், டச் ஸ்கிரீன் வைத்த சாதாரண மாடலும் ஏர்பேக் உள்ள மாடலும் ஒரே விலைக்கு நின்றால் இரண்டாவதை எடுங்கள்.

மீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள்

எட்டு வருட டீசல் வண்டி, 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பார்கள். டீசல் வாங்கினவர் ஏன் ஓட்டாமல் வைத்திருந்தார்? மீட்டரைத் திருப்புவது இந்தத் தொழிலில் சாதாரணம். பிரேக், கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். ஸ்டியரிங் தோல், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் வலது ஓரம் எல்லாம் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன? நாற்பதாயிரத்தில் பெடல் வழவழவென்று ஆகாது. வண்டி நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவை விற்பவரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும்.

ஒரே ஓனர், தினமும் ஹைவேயில் ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றி, 1,20,000 ஓடிய வண்டி இருந்தால் ஓட்டாமல் நிற்க வைத்த நாற்பதாயிரத்தை விட அதைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஹைவே ஓட்டத்தில் கிளட்ச் அதிகம் தேயாது, எஞ்சின் ஒரே சூட்டில் சீராக ஓடியிருக்கும்.

டி போர்டு வண்டியை, அதாவது மஞ்சள் நம்பர் பிளேட் டாக்சியை, ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாற்றி விற்பதும் உண்டு. டிசையரிலும் எட்டியோஸிலும் இது அதிகம். பம்பரின் அடி, நம்பர் பிளேட்டின் பின்பக்கம், கதவு இடுக்கு இங்கெல்லாம் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். ஆர்சியின் பழைய விவரத்தை ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிடுங்கள். டாக்சி ஓடிய வண்டி கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குச் சொந்த வண்டி விலை கொடுக்கக் கூடாது.

தண்ணீர் ஏறிய வண்டி

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம் முழுக்க, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர் கன்சல்டிங்குகளில் (பழைய கார் விற்கும் கடைகளில்) வந்து நிற்கும். எல்லைப்பக்கம் இருப்பதால் இரண்டு மாநிலத்து வண்டிகளும் நம்மிடம் வருகின்றன.

என் மைத்துனருக்காக ஒரு டீசல் ஹேட்ச்பேக் பார்க்கப் போனோம். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கியடித்தது, சீட் கவர் புத்தம் புதிது. என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஒரு முழம், வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் பகுதி, வெளியே வந்தது. அதில் குறுக்கே காவி நிறத்தில் ஒரு கறை. நகத்தால் சுரண்டினார், மாவு போல வண்டல் உதிர்ந்தது. "கிளம்பலாம் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இருக்கிறதா, தரை விரிப்பைத் தூக்கினால் அடிப்பஞ்சு கட்டிதட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டி வாங்கிய அன்று நன்றாகவே ஓடும். ஒயரிங்கில் பச்சை பூத்து ஒவ்வொன்றாகப் போவது ஆறு மாதம் கழித்துத்தான். அதுவும் இரவில், வாளையார் காட்டுப் பகுதியில் ஹெட்லைட் அணைவது போன்ற இடத்தில்.

காலையில், ஆறின எஞ்சினோடு பாருங்கள்

பகலில் பாருங்கள், மழையில் வேண்டாம். ஈர வண்டியில் பெயிண்ட் வித்தியாசம் தெரியாது. போனவுடன் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். காலை ஸ்டார்ட்டில் என்ன தெரியும் என்பதை மறைக்க நினைத்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம். டீசலில், எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்புஸ் என்று புகை அடித்து வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது.

அடிபட்ட வண்டியா என்று பார்க்கக் கதவு ஓர ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகளாக வரிசையாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் வெட்டி ஒட்டியிருந்தால் அந்த வரிசை இருக்காது, பட்டி பூசிய வழவழப்புத்தான் இருக்கும். பம்பரும் ஃபெண்டரும் டிங்கரிங் செய்திருந்தால் அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. தூணிலும் முன்பக்கச் சேசிஸிலும் கை வைத்த வண்டி வேண்டாம்.

டயரை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2018இல் என் முதல் பழைய காரை வாங்கியபோது டயரின் பட்டன் (ரோட்டில் படும் வரிகள்) ஆழமாக இருந்தது, டயர் புதுசு மாதிரிதான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வாரம் க.க.சாவடிக்கு அருகில் தொண்ணூறில் போகையில் ஸ்டியரிங் திடீரென்று உதறியது, படபடவென்று சத்தம், வண்டி இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு ஓரம் கட்டினேன். முன்சக்கரத்தில் பட்டன் பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. பக்கவாட்டில் நான்கு எண் அச்சாகியிருந்தது: 2210. 2010ஆம் வருடத்தின் 22ஆவது வாரத்தில் செய்த டயர். எட்டு வயது. இந்த நான்கு எண் எல்லா டயரிலும் இருக்கும், முதல் இரண்டு எண் வாரத்தையும், அடுத்த இரண்டு எண் வருடத்தையும் குறிக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்திலும் படியுங்கள். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்

கன்சல்டிங் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வாங்கினால் அது ஊருக்குள் ஓட்டும் வண்டியைப் பார்த்ததாகத்தான் அர்த்தம். எண்ணெய் நானே அடிக்கிறேன், ஹைவேயில் முக்கால் மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ரேடியோ, ஏசி இரண்டையும் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, எண்பதில் போங்கள். சக்கரத்திலிருந்து ஒரே சீரான ஹம்மென்ற ஒலி வந்து, லேசாக வளைக்கும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். எண்பதுக்கு மேல் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங் அல்லது வளைந்த ரிம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஆள் இல்லாத நேரான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்து, வண்டி தானாக ஒரு பக்கம் போகிறதா என்று கவனியுங்கள். நான்காவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் வேகமாகி வண்டி பின்தங்கினால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது.

பிறகு ஏசியைப் போட்டு இருபது நிமிடம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்க வேண்டும், ஃபேன் ஓடி ஓடி நிற்பது கேட்க வேண்டும். முள் மெதுவாக மேலே ஏறினால் அந்த வண்டி பைபாஸ் நெரிசலில் உங்களைக் கைவிடும்.

அந்த முக்கால் மணியில் உங்கள் முதுகையும் கேளுங்கள். சீட் சரியில்லாத வண்டியில் ஆறு மாதத்தில் இடுப்பு வலி வந்து, வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேப்பர், அதுவும் எல்லையில்

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு ஓனர் பெயர், எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடன் எல்லாம் பாருங்கள். சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் கேமரா அபராதம் மும்முரமாக நடக்கிறது, அதனால் கட்டாத சலானோடு வண்டி கைமாறுவது சகஜம். ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35உம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மாற்றாமலே ஓட்டுவது இங்கே நிறைய நடக்கிறது. விபத்தானால் அந்த முதல் ஓனர் கோர்ட்டுக்கு அலைவார், உங்களுக்கும் இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

பாலக்காட்டில் குடியிருக்கிறவர் கோவையில் டி.என். 37, 38 வண்டி வாங்கினால் அந்த ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்கியே ஆக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. கேரள வரி தனியாகக் கட்ட வேண்டும், தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அலைச்சல். டெல்லி நம்பர் டீசல்கள் மலிவாக வருவதும் இதே கணக்குத்தான்: வரியையும் அலைச்சலையும் சேர்த்தால் அவ்வளவு மலிவில்லை. சித்தூரில் இருக்கிறவருக்கு கே.எல். 70, பாலக்காட்டுக்காரருக்கு கே.எல். 09 வண்டியே நிம்மதி. கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

இன்சூரன்ஸில் பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது. ஆனால் அவருடைய பாலிசியில் அந்தப் போனஸ் பூஜ்யம் என்று இருந்தால், போன வருடம் என்ன கிளெய்ம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

எவ்வளவு நல்ல வண்டி என்று சொல்லியிருந்தாலும் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வைப்பர் ரப்பரும் மாற்றுங்கள். கோவைப் பக்கம் வெயில் அடிக்கும்போதே வாளையார் தாண்டினால் பாலக்காட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் படிந்த ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றுங்கள், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு அதுதான் கண்.

பழைய ஓனரின் ஃபாஸ்டாகை அவரை விட்டே மூடச் செய்து, உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். அதன் வருடப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15இல் வந்தபோது 3,000 ரூபாய்: 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. பாம்பாம்பள்ளம், கணியூர் என்று இரண்டு டோலை மட்டும் எடுத்தாலே போகவர தினமும் நான்கு தடவை, நமக்கு அது இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அப்படியும் அந்த விலையில் ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் ஆனது. உங்கள் வழியில் உள்ள டோல்களுக்கு அது செல்லுமா என்று ராஜ்மார்க் யாத்ரா செயலியில் பார்த்துவிட்டு எடுங்கள்.

சர்வீஸ் புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கும். நமக்குப் பத்தாயிரம் என்பது இரண்டரை மாதம். ஆயில் மாற்றிய அன்றே மீட்டர் எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு, அடுத்ததற்கான நாளைக் காலண்டரிலும் வட்டமிட்டு வையுங்கள்.